இடது மூளைக்கு வலது கை மட்டும்தானா?

மூளையில் சிப் பதிக்கும் செய்திகள் 2024 ஜனவரிக்குப் பிறகு அடிக்கடி கண்ணில் படுகின்றன. அந்த மாதம்தான் நியூராலிங்க் நிறுவனம், நினைப்பாலேயே கணினியை இயக்க உதவும் தன் கருவியை முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது. முடியைவிட மெல்லிய 64 இழைகள், அவற்றில் மொத்தம் 1,024 மின்முனைகள். அத்தனையும் மூளையின் ஒரே பக்கத்தில், கையை இயக்கும் இடத்தில் இறங்கின. இதைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. இடது மூளை வலது கையை ஆள்கிறது, வலது மூளை இடது கையை ஆள்கிறது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் ஒரு பக்கத்துச் சிப்புக்கு ஒரு கையின் சேதி மட்டும்தானே கிடைக்க வேண்டும்?

நரம்பு போகும் வழியை மட்டும் பார்த்தால் பள்ளிப்பாடம் சரி. நரம்பணுக்களின் பேச்சை ஒட்டுக்கேட்டால் அது பாதிதான் சரி. ஒரு பக்க மூளை இரண்டு கைகளுக்காகவும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் வலது கைக்கான கட்டளையில் இடது கை துள்ளுவதில்லை. ஏன் என்பதற்கான விடை கடந்த சில ஆண்டுகளில்தான் குரங்குகளிடமிருந்து தெளிவாகக் கிடைத்தது.

கட்டளை இறங்கும் வழி

முதலில் வழித்தடம்.

1. தலையில் ஹேர்பேண்ட் மாட்டினால் அது உட்காரும் இடத்துக்கு ஏறக்குறைய நேர் கீழே, காதுக்குக் காது ஓடும் மூளை மேடுதான் இயக்கப் புறணி. கால் உச்சியில், முகம் காதுப் பக்கம், கை நடுவில். கைக்கான இடம் ஸ்கேனில் ஒரு சிறு குமிழ் போலத் துருத்தித் தெரியும்.

2. அங்கிருந்தும் அக்கம்பக்கத்துப் பகுதிகளிலிருந்தும் பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் நரம்பு நார்கள் கீழிறங்குகின்றன. மூளையின் ஆழத்தில் இவை ஒரு குறுகலான கணவாய்க்குள் நெருங்கிப் போகின்றன. பாலக்காட்டுக் கணவாயை அடைத்தால் கோவையிலிருந்து கேரளத்துக்குப் போகும் ரயிலும் லாரியும் சேர்ந்து நிற்கும் அல்லவா? அதுபோல இங்கே ஒரு சிறு இரத்தக்குழாய் அடைத்தாலே முகம், கை, கால் மூன்றும் ஒன்றாக விழும்.

3. தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முகுளம். அதன் அடிப்பகுதியில் இந்த நார்களில் 85 முதல் 90 விழுக்காடு எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். மிச்சம் தாண்டாமல் அதே பக்கம் இறங்கும். 'குறுக்கே' என்று பாடம் சொல்வது இந்த இடத்தைத்தான்.

4. தண்டுவடத்தின் கழுத்துப் பகுதி முடியும் இடத்தில் கைக்கான இயக்க நரம்பணுக்கள் இருக்கின்றன. கைக்குள் இருக்கும் சிறு தசைகளுக்கான நரம்புகள் கழுத்தின் 8-வது நரம்பிலும் மார்பின் முதல் நரம்பிலும் வெளியேறுகின்றன. தலைக்கு வெளியே, கைக்கான இடத்துக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்தால் கட்டைவிரல் தசை சுமார் 20 மில்லி விநாடியில் துடிக்கும்.

மூளையில் மின்சாரம் கொடுத்தால் எதிர்ப்பக்கக் கால் துடிக்கும் என்பதை 1870-ல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் இருவரும் நாயிடம் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டேவிட் ஃபெரியர் குரங்கிடம் காட்டினார். எல்லாம் ஏன் குறுக்காக அமைந்தது என்பதற்குப் பல யூகங்கள் உண்டு. எதுவும் நிலைபெறவில்லை, நம் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

விரலுக்கு ஒரு வழி, தோளுக்கு ஒரு வழி

மருதமலைப் படிக்கட்டிலோ ஆழியாறு அணைப் பக்கமோ நாட்டுக்குரங்கு கடலைக்காய் உரிப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை ஓட்டைப் பிடித்திருக்கும். மறு கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பருப்பை மட்டும் கிள்ளி எடுக்கும். நாயோ பூனையோ இதைச் செய்யாது. அவற்றின் மூளையிலிருந்து இறங்கும் நார்கள் தண்டுவடத்தில் இடைநிலை அணுக்களிடம்தான் சேதியை ஒப்படைக்கின்றன. ஆய்வகங்களில் அதிகம் இருக்கும் ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் அந்த வழியோடு இன்னொன்றும் உண்டு. இயக்கப் புறணியின் சில அணுக்கள் இடைத்தரகரே இல்லாமல் விரல் தசைக்கான நரம்பணுவை நேரடியாகத் தொடுகின்றன. நாட்டுக்குரங்கும் வால்பாறைச் சோலைமந்தியும் ரீசஸ் குரங்கின் பேரினமான மக்காக்காவைச் சேர்ந்தவைதான்.

இந்த நேரடி அணுக்கள் புறணி முழுக்கப் பரவியிருக்கவில்லை. இயக்கப் புறணியின் பின்பாதியில், மடிப்புக்குள் புதைந்த பகுதியில் குவிந்திருக்கின்றன என்று ரத்தலோ, ஸ்ட்ரிக் இருவரும் 2009-ல் காட்டினார்கள். முன்பாதியைப் 'பழைய' புறணி என்றும் இதைப் 'புதிய' புறணி என்றும் பிரித்தார்கள்.

இந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1968-ல் லாரன்ஸ், கைப்பர்ஸ் இருவரும் குரங்குகளுக்கு முகுளத்திலேயே, நார்கள் தாண்டும் இடத்துக்குச் சற்று மேலே, இந்த நார்க்கற்றையை இருபக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். குரங்குகள் முடங்கிவிடவில்லை. நடந்தன, கூண்டில் ஏறின, தாவின. குழிக்குள் இருக்கும் சிறு தீனியை ஒரு விரலால் எடுப்பது மட்டும் திரும்பவே இல்லை. ஐந்து விரலும் ஒன்றாகத்தான் மடங்கின. இன்னொன்றும் கண்டார்கள். பிடித்த தீனியை விட முடியாமல் அவை திணறின. அதே கை, ஏறும்போது கம்பியைத் தடையில்லாமல் விட்டுவிட்டுப் பிடித்தது. 'கை' ஒன்றுதான் என்றாலும் அதை ஆளும் நிர்வாகம் ஒன்றல்ல.

பழைய நிர்வாகம் மூளைத்தண்டிலிருந்து வருகிறது. உடல் நடுப்பகுதி, தோள், இடுப்பு ஆகியவற்றை இருபக்கமும் சேர்த்தே ஆள்கிறது. பக்கவாதத்தில் தோள் முதலில் அசையத் தொடங்கி, விரல் கடைசியில் வருவதற்கும் பல நேரம் வராமலே போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். குழந்தை 9, 10 மாதத்தில்தான் தரையில் கிடக்கும் பொரியை இரு விரலால் கிள்ளி எடுக்கிறது. அதுவரை கை முழுவதையும் போட்டு அள்ளும். நேரடி வழி பிறந்த பிறகே முதிர்கிறது.

இரண்டு கையும் சேரும்போது

கொங்குப் பகுதியின் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம்.

பொள்ளாச்சித் தோப்பில், நட்டு வைத்த பாரையில் தேங்காய் உரிப்பவருக்கு இரு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அழுத்துகின்றன. மூளைக்கு இது எளிது. பால் பீச்சுபவருக்கு வலது கை பிழியும்போது இடது கை தளர வேண்டும், பிறகு மாற வேண்டும். சென்னிமலைக் குழித்தறியில் கதை வேறு. ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட விடுகிறது, மறு கை அச்சுப் பலகையை இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கிறது, நடுவே கால் மிதியை மாற்றுகிறது. இரு கைக்கும் வேறு விசை, வேறு தூரம், வேறு நேரம்.

இரண்டாவது வகை ஏன் கடினம் என்பதை மேசை மேலேயே சோதிக்கலாம். இரு சுட்டுவிரலையும் நீட்டி, காரின் வைப்பர் போல இரண்டையும் ஒன்றாக வலப்பக்கம், ஒன்றாக இடப்பக்கம் ஆட்டுங்கள். மெதுவாக ஆட்டும்வரை சரியாக வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே மாறி, கண்ணாடிப் பிம்பம் போல உள்ளே, வெளியே என்று ஆடத் தொடங்கிவிடும். எதிர்மாறாக நடக்காது. பிம்ப ஆட்டத்தில் தொடங்கினால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் அது வைப்பராக மாறாது. அமெரிக்காவில் ஸ்காட் கெல்சோ 1980-களில் இதை அளந்து காட்டினார். இரு மூளைப் பாதிகளுக்கும் ஒரே மாதிரி ஆடும் சாய்வு பிறவியிலேயே உண்டு. பழக்கம் அந்த மாறும் எல்லையைத் தள்ளிப்போடுகிறது. கைப்பழக்கம் உள்ள பால்காரர் எவ்வளவு வேகத்தில் பீச்சினாலும் இரு கையும் ஒன்றாகிவிடாததன் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது.

இந்தச் சாய்வை அடக்கி வைப்பது எது? இயக்கப் புறணிக்கு முன்னால், இரு மூளைப் பாதியும் முகத்தோடு முகம் பார்க்கும் உட்சுவரில் 'துணை இயக்கப் பகுதி' என்ற ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கோபி பிரிங்க்மன் 1984-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. துளையிட்ட பலகையில் தீனி செருகப்பட்டிருக்கும். நலமான குரங்கு ஒரு கை விரலால் மேலிருந்து தள்ளி, மறு கையைக் கீழே குவித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத் துணை இயக்கப் பகுதியை நீக்கிய பிறகு இரு கையும் ஒரே வேலையைச் செய்தன. மேலிருந்து ஒரு விரலும் கீழிருந்து ஒரு விரலும் ஒரே துளைக்குள் எதிரெதிராகத் தள்ளின. தீனி நகரவில்லை. மாதங்கள் போயும் இது சரியாகவில்லை. பிறகு இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நார்ப்பாலத்தை வெட்டியதும் அந்தக் குழப்பம் உடனே நின்றுவிட்டது.

வெட்டுக்கு மேல் வெட்டு விழுந்ததும் சரியானது முரண்போலத் தெரியும். நலமான பாதியின் கட்டளை பாலத்தைக் கடந்து பழுதான பாதிக்கும் பாய்ந்துகொண்டிருந்தது என்று எடுத்துக்கொண்டால் முரண் தீரும். மனிதரில் அந்தப் பாலத்தில் சுமார் 20 கோடி நார்கள். கால்கைவலிப்புக்காக அதை வெட்டிக்கொண்டவர்கள் ஒரு கையால் ஒரு வடிவமும் மறு கையால் இன்னொரு வடிவமும் தடுமாறாமல் வரைந்தார்கள் என்று 1996-ல் பதிவாகியிருக்கிறது. நம்மால் அது முடியாது. ஆனால் புதிதாக இரு கை வேலை கற்பது அவர்களுக்குக் கடினம். பாலம் இருந்தால் இடைஞ்சலும் உண்டு, ஒத்துழைப்பும் உண்டு.

சிறு குழந்தை ஒரு கையால் பித்தானைப் போடும்போது மறு கை விரலும் சேர்ந்து நெளியும். சுமார் 10 வயதுக்குள் இது பெரும்பாலும் மறைந்துவிடும். பெரியவர்களான பிறகும் பலமாக இருந்தால் அது பிறவிப் பிம்ப இயக்கமாக இருக்கலாம். சில குடும்பங்களில் இதற்கு டிசிசி என்ற மரபணுவின் மாற்றம் காரணம் என்று 2010-ல் தெரிந்தது. நார்கள் எந்தப் பக்கம் தாண்ட வேண்டும் என்று வழிகாட்டும் மரபணு அது.

இடையில் ஒன்று. 'இரு கையாலும் எழுதினால் இரு பக்க மூளையும் விழிக்கும்' என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் வகுப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இரு பக்கமும் ஏற்கெனவே விழித்துத்தான் இருக்கின்றன. மேலே சொன்ன எந்தச் சோதனையும் அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் ஆகாது.

ஒரே அணு, இரண்டு கை

இனிதான் முக்கியமான சிக்கல். விழித்திருக்கும் குரங்கின் மூளையில் மெல்லிய மின்முனையை வைத்து, அது வலது கையால் விசையை அழுத்தும்போதும் இடது கையால் அழுத்தும்போதும் தனித்தனி அணுக்களின் துடிப்பை எண்ணினால், ஒரு பக்க அணு எதிர்ப்பக்கக் கைக்கு மட்டும்தானே துடிக்க வேண்டும்?

ஜப்பானில் ஜுன் டான்ஜி குழுவினர் 1988-ல் எண்ணினார்கள். துணை இயக்கப் பகுதியிலும் அதன் அண்டைப் பகுதியிலும் வலதுக்கு மட்டும், இடதுக்கு மட்டும், இரண்டும் சேர்ந்தால் மட்டும் துடிக்கும் அணுக்கள் கலந்து கிடந்தன. அது திட்டமிடும் இடம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் 1998-ல் ஜெருசலேமில் டான்சின், வாடியா குழுவினர் நேரடிக் கட்டளை பிறக்கும் முதன்மை இயக்கப் புறணியிலேயே இரு கை சேரும்போது மாறும் அணுக்களைக் கண்டார்கள். 2019-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏம்ஸ், சர்ச்லாண்ட் இருவரும் குரங்குகளை ஒவ்வொரு கையாலும் தனித்தனியே பெடல் சுற்ற வைத்தார்கள். ஒரே அணு இரு கைக்கும் துடிப்பது விதிவிலக்காக இல்லை, வழக்கமாகவே இருந்தது. அதே ஆண்டு கனடாவில் ஹெமிங், ஸ்காட் குழுவினர் வேறு முறையில் செய்து அதே முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் இடது கை சுற்றும்போது வலது கை ஏன் சும்மா இருக்கிறது? ஒரு தட்டுத்தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடை போடும்போது முள் அசைவது இரு தட்டின் வித்தியாசத்தால்தான். இரண்டிலும் ஒரே அளவு ஏற்றினால் தராசு எவ்வளவு கனத்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்.

இடது மூளையில் இரண்டே அணுக்கள் இருப்பதாக வைத்து ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 'அ' வலது கைத் தசையைத் தூண்டும், 'ஆ' இடைநிலை அணு வழியாக அதே தசையை அடக்கும். தசைக்குக் கேட்பது 'அ' கழித்தல் 'ஆ' மட்டும்.

1. ஓய்வில் 'அ' 20, 'ஆ' 20. வித்தியாசம் 0. கை அசையாது.
2. வலது கை வேலையில் 'அ' 40, 'ஆ' 10. வித்தியாசம் 30. கை அசைகிறது.
3. இடது கை வேலையில் 'அ' 45, 'ஆ' 45. வித்தியாசம் 0. வலது கை அசையாது, ஆனால் கூட்டுத்தொகை 40-லிருந்து 90-க்கு ஏறிவிட்டது.
4. இரு கையும் சேரும்போது 'அ' 60, 'ஆ' 30. வித்தியாசம் 30, கூட்டு 90. இரண்டு சேதியும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் இருக்கின்றன.

'அ'வில் மட்டும் மின்முனை வைத்தவருக்கு வலதுக்கு 40, இடதுக்கு 45. எந்தக் கை என்று சொல்லவே முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவருக்குக் குழப்பமே இல்லை. உண்மையில் அணுக்கள் இரண்டல்ல, கோடிக்கணக்கில். கூட்டும் வித்தியாசமும் போல ஒன்றை ஒன்று தொடாத சேர்க்கைகளும் பல. 2019-ன் இரு ஆய்வுகளும் கண்டது இதைத்தான். வலது கைக்கான சேர்க்கையும் இடது கைக்கான சேர்க்கையும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்து, அதாவது ஒன்று ஏறி இறங்கினாலும் மற்றது அநேகமாக அசையாது.

சிறுமுகைப் பட்டுத்தறி ஜக்கார்டு தெரிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. மாங்காய்க்கும் மயிலுக்கும் பாவில் தனித்தனி இழை கிடையாது. எந்த இழைகள் சேர்ந்து தூக்கப்படுகின்றன என்பதில்தான் உருவம் இருக்கிறது.

எங்கே பழுதானால் எந்தக் கை

1. முகுளத்துக்கு மேலே பழுதானால் எதிர்ப்பக்கக் கை. பெரும்பாலான பக்கவாதம் இந்த வகை.
2. கழுத்துத் தண்டுவடத்தில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் அதே பக்கக் கை. முகம் கோணாது.
3. சிறுமூளையில் என்றாலும் அதே பக்கக் கைதான். அதன் நார்கள் மேலே போகும்போது ஒருமுறை தாண்டுகின்றன, கட்டளை கீழே வரும்போது மறுமுறை தாண்டுகிறது, இரண்டும் கழிந்துவிடும். பலம் குறையாது, குறி தவறும். டம்ளரை எட்டும்போது கை தாண்டிப் போய் ஆடும்.
4. மணிக்கட்டில் நரம்பு நெரிந்தால் கட்டை, சுட்டு, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிக்கும். இரவில் கூடும். நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பவர்களும் ஓவர்லாக் ஓட்டுபவர்களும் இதைப் பக்கவாதம் என்று பயப்படுகிறார்கள். இதற்கும் மூளைக்கும் தொடர்பில்லை.

ஆபத்தானது இதற்கு நேர்மாறான தவறு. நிஜப் பக்கவாதத்தை 'வாயு புடிச்சிருக்குது' என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைப்பது. இரு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடி 10 விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை உள்புறம் திரும்பிக்கொண்டே கீழே இறங்கினாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான். தூங்கி எழும்போது தெரிந்தால் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும், விழித்த நேரத்தை அல்ல.

பக்கவாதத்துக்குப் பின் 'நல்ல' கையும் முன்புபோல இருப்பதில்லை. சட்டைப் பித்தான் போட அதுவும் கொஞ்சம் தடுமாறும். ஒரு பாதி இரு கைக்கும் வேலை செய்கிறது என்பதைப் பார்த்தபின் இதில் வியப்பில்லை. ஆனால் நல்ல கை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் இன்னொரு கேடு. எட்வர்ட் டாப் குரங்குகளின் ஒரு கைக்கு உணர்ச்சி நரம்பை வெட்டியபோது, அசைக்க முடிந்த அந்தக் கையை அவை பயன்படுத்துவதையே விட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிவைத்ததும் மறுபடி பயன்படுத்தின. அதிலிருந்து பிறந்ததுதான் கட்டாயப் பயன்பாட்டுச் சிகிச்சை. 222 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு நல்ல கைக்கு உறை மாட்டுவது இலக்கு. வேலை நாட்களில் தினம் 6 மணி நேரம் வரை பயிற்சி. பலன் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிரக்கூடியவர்களுக்குத்தான் இது பொருந்தும். சுத்தமாக அசையாத கைக்கு இதைச் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சிப்புக்குத் திரும்பினால்

ஒரு பக்கத்துச் சிப்பில் இரு கையின் சேதியும் இருக்கிறது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், முடங்கிப்போனவர்களின் கைக்குமிழில் வைத்த மின்முனைகளிலிருந்து எதிர்க்கை மட்டுமின்றி அதே பக்கக் கை, கால், தலை அசைவுக்கான சேதியையும் பிரித்தெடுத்தார்கள். இரு கையையும் ஒரே நேரத்தில் அசைக்க முயலும்போதுதான் சிக்கல். எதிர்க்கையின் சேதி ஓங்கும், அதே பக்கக் கையின் சேதி மங்கும். அதனால் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே பயிற்றுவித்த மென்பொருளை இரு கை வேலையில் அப்படியே ஓட்டினால் தப்பும். சேர்ந்து அசையும்போதும் பதிவெடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும். மின்முனைகள் குறைந்தாலும் இதே சேதாரம்தான், ஏனென்றால் சேர்க்கையை அறியப் பல அணுக்களை ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும். நியூராலிங்கின் முதல் கருவியில் சில இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கியதை அந்நிறுவனமே 2024 மே மாதம் ஒப்புக்கொண்டது.

தலையைத் திறக்காமலேயே இந்த அதே பக்கச் சேதியைப் பயன்படுத்தும் கருவியும் வந்துவிட்டது. இப்சிஹேண்ட் என்ற அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021 ஏப்ரலில் அனுமதி அளித்தது. பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்த, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. தலையில் மாட்டும் மின்முனைகள் பழுதாகாத மூளைப் பாதியிடம் கேட்கின்றன. விழுந்த கையை அசைக்க அவர் நினைத்ததும் அந்தக் கையில் மாட்டியிருக்கும் கூடு விரல்களை விரித்து மூடுகிறது.